‘பார்மட்’ செய்வதற்கு முன்னால்...



ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் வணிக நிலையங்களில் கணக்குப்பிள்ளையின் இருக்கைக்குப் பின்னால் ஒரு மர அலமாரி இருக்கும். பேரேடுகளும் ரசீதுக் கட்டுகளும் கடிதக் கோப்புகளும் அதனுள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். கரையானுக்கும் மழைநீருக்கும் அஞ்சி அவற்றைக் காத்தார்கள். இன்று அந்த அலமாரி முழுவதும் உள்ளங்கையளவுள்ள ஒரு ஹார்ட் டிஸ்கினுள் அடங்கிவிட்டது. மண்ணடியிலுள்ள மொத்த வணிக நிலையமாயினும், பெரியமேட்டிலுள்ள தோல் ஏற்றுமதி அலுவலகமாயினும், உம்ரா பயணிகளின் பாஸ்போர்ட் நகல்களை வைத்திருக்கும் பயண நிறுவனமாயினும், ஊர் ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேடாயினும் நிலைமை ஒன்றே. அந்தக் கணினி ஒருநாள் காலையில் கண் விழிக்க மறுத்தால் என்ன செய்வது?

பழுது பார்ப்பவரை அழைக்கிறோம். அவர் வருகிறார், இரண்டொரு பொத்தான்களை அழுத்துகிறார், ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வழங்குகிறார்: “பார்மட் பண்ணிடலாம் சார், ஒரு மணி நேரத்துல ரெடி.” அவர் கூறுவது பொய்யன்று. கணினி ஒரு மணி நேரத்தில் ஓடத்தான் செய்யும். ஆனால் அவருடைய அக்கறை இயந்திரம் ஓடவேண்டும் என்பது. நம்முடைய அக்கறை அதனுள் இருப்பது என்ன ஆகும் என்பது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அந்தப் பரபரப்பில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மாலையில்தான் கணக்கர் கேட்பார், “போன மாசத்து இன்வாய்ஸ் எல்லாம் எங்கே?” என்று.

அலுவலகக் கணினியிலும் கைப்பேசியிலும் அன்றாடம் நேரும் கோளாறுகளைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். பெரும்பாலானவற்றை நீங்களே சரிசெய்துகொள்ளலாம். எதைச் செய்தாலும் இரண்டு ஒழுங்குகளை மட்டும் கைவிடாதீர்கள். உள்ளே இருப்பதற்கு ஒரு நகல் கிடைக்கும்வரை அழிக்கும் வேலை எதனையும் தொடங்காதீர்கள். கோளாறு எந்த இடத்தில் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றிவிட்டால் எது நோய், எது மருந்து என்று எவராலும் கூற இயலாது.

தொடங்க மறுக்கும் கணினி

விண்டோஸ் தொடங்கவில்லை என்றால் உங்கள் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளன்று. வாசற்கதவின் பூட்டுப் பழுதானதற்கும் வீடு எரிந்துபோனதற்கும் உள்ள வேறுபாடு இது. பெரும்பாலான வேளைகளில் ஹார்ட் டிஸ்க் நலமாகவே இருக்கும். அதனைக் கழற்றி, கணினிக் கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்தி வேறொரு கணினியில் செருகினால் கோப்புகளை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். பழுது பார்ப்பவரிடம் நீங்கள் கூறவேண்டிய முதல் வாக்கியம் இதுதான்: “முதலில் டேட்டாவை எடுத்துக் கொடுங்கள், பிறகு பார்மட்டைப் பற்றிப் பேசலாம்.”

இதில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய சிக்கல் சேர்ந்திருக்கிறது. இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் ‘பிட்லாக்கர்’ என்னும் மறைப்பு முறை நீங்கள் கேளாமலேயே செயற்பாட்டில் இருக்கக்கூடும். திருடன் கையில் சிக்கினால் உள்ளிருப்பதை அவன் படிக்கலாகாது என்பது அதன் நோக்கம். ஆனால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி கையில் இல்லையென்றால் உரிமையாளரும் திருடனும் அதன் முன் சமமே! அந்தச் சாவி பெரும்பாலும், கணினியை முதன்முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சல் முகவரியில் இருக்கிறது? விற்ற கடைக்காரருடையதா, வேலையை விட்டுச் சென்ற பழைய ஊழியருடையதா? கணினி நலமாக இருக்கும் இன்றைக்கே இதனை விசாரித்து, சாவியைத் தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பழுதான பின் விசாரித்துப் பயனில்லை.

ஹார்ட் டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்று சீராக ஓர் ஒலி கேட்குமாயின் உடனே கணினியை நிறுத்திவிடுங்கள். உள்ளே சுழலும் தகட்டைப் படிக்கும் முனை பழுதாகியிருப்பதன் அறிகுறி அது. “இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்” என்று மீண்டும் மீண்டும் இயக்கினால், மீட்கக்கூடியதாக இருந்ததும் மீட்க முடியாததாகிவிடலாம். எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைத் தட்டில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. அது வேகமானது, அதிர்ச்சியைத் தாங்குவது. ஆனால் அது ஓசையெழுப்பி எச்சரிப்பதில்லை. நேற்றுவரை ஓடியது இன்று அமைதியாக நின்றுபோகும். தவறுதலாக அழித்த கோப்பை மீட்பதும் அதில் கடினம். அழித்த இடத்தை அது தானாகவே துப்புரவு செய்துவிடுகிறது.

கணினி தொடங்குகிறது, ஆனால் திரை மட்டும் கறுத்துக் கிடக்கிறது என்றால் பதற வேண்டாம். மானிட்டரின் கம்பி இருபுறமும் இறுகியுள்ளதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். திரைக்குரிய மென்பொருள் மட்டும் மீண்டும் தொடங்கும். திறந்திருக்கும் வேலை அழியாது.

நகல் எங்கே இருக்கிறது?

“எங்கள் அலுவலகத்தில் நாள்தோறும் பேக்அப் எடுக்கிறோம்” என்று பெருமையுடன் கூறுவோரிடம், எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “டி டிரைவில்” என்பார் பலர். சி டிரைவ், டி டிரைவ் என்பவை பெரும்பாலான அலுவலகக் கணினிகளில் இரண்டு தட்டுகள் அல்ல. ஒரே தட்டில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பகுதிகள். ஓர் அறையை நடுவில் திரையிட்டு இரண்டாக்கினால் தீ ஒருபுறத்தோடு நின்றுவிடுமா? டாலியில் எழுதும் கணக்கின் நகல் அந்தக் கணினிக்கு வெளியே இருந்தால்தான் அது நகல்.

வெளியே உள்ள ஹார்ட் டிஸ்கை இரவும் பகலும் கணினியில் செருகியே வைத்திருப்பதும் போதாது. 2017ஆம் ஆண்டு மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அவ்வகைத் தீநிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் எல்லாத் தட்டுகளையும் தேடிப் பூட்டுகின்றன. ஆகவே நகலெடுத்தவுடன் அந்தத் தட்டைக் கழற்றி வேறிடத்தில், இயன்றால் வேறொரு கட்டடத்தில் வைக்கவேண்டும். இரண்டு தட்டுகளை வாரம் மாற்றி வாரம் பயன்படுத்துவது சிறந்தது. மேலும், மாதம் ஒருமுறையேனும் அந்த நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை.

பென் டிரைவிலும் இதே கதைதான். வெளியிலுள்ள ஜெராக்ஸ் கடையில் செருகிவிட்டு வந்து பார்த்தால் கோப்புகளுக்குப் பதிலாக அம்புக்குறியிட்ட குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் தெரியும். உடனே பலரும் பென் டிரைவைப் பார்மட் செய்துவிடுகிறார்கள். பொறுங்கள்! பெரும்பாலும் அந்தக் கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன. தீநிரல் அவற்றை மறைத்து வைத்திருக்கிறது. அம்புக்குறிச் சின்னத்தைச் சொடுக்கக் கூடாது. வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு முதலில் சோதித்துவிட்டு, பார்வைக்குரிய அமைப்பில் மறைந்த கோப்புகளையும் காப்பிடப்பட்ட கோப்புகளையும் காட்டுமாறு மாற்றினால் அவை தென்படும். அவற்றை நகலெடுத்துக்கொண்ட பிறகு தாராளமாகப் பார்மட் செய்யலாம்.

‘ஷட் டவுன்’ வேறு, ‘ரீஸ்டார்ட்’ வேறு

“நாள்தோறும் இரவில் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் போகிறேன்; ஆனாலும் கணினி திணறுகிறது” என்று பலர் கூறக் கேட்கிறோம். இதற்கொரு காரணம் உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுமையாக உறங்குவதில்லை. இயக்கமுறையின் மையப்பகுதி அந்த நிலையிலேயே தட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் காலை அப்படியே எடுத்துப் போடப்படுகிறது. விரைவாகத் தொடங்குவதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் நேற்றைய சிக்கலும் சேர்ந்தே எழுந்து வருகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். பழுது பார்ப்பவர்கள் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்று சொல்வதைக் கேலி செய்ய வேண்டாம். வாரம் ஒருமுறை அதைச் செய்தால் அவர்களை அழைக்கும் தேவையே குறையும்.

அதன் பின்னும் மெதுவாக இருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். பிராசஸர், மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றில் எது நூறு விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். மெமரி நிரம்பியிருந்தால் பிரௌசரில் திறந்து வைத்திருக்கும் முப்பது பக்கங்களை மூடுவதே மருந்து. டிஸ்க் நிரந்தரமாக நூறில் நின்றால், அது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்காக இருந்தால், அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவது புதிய கணினி வாங்குவதை விடச் சிக்கனமானது. அந்த வேறுபாட்டை நேரில் கண்டவர்கள் பழையதற்குத் திரும்புவதில்லை. பிராசஸர் ஓயாமல் உழைத்து, விசிறியும் இரைந்துகொண்டிருந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கலாம்.

விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. கணினி அதன் பின்னும் ஓடும். அதனால்தான் பலரும் கவலைப்படுவதில்லை. ஆனால் வங்கிப் பரிமாற்றம் நடக்கும் கணினியை அந்நிலையில் விட்டு வைப்பது எனக்கு உடன்பாடன்று.

இணையம் இல்லையா, இக்கணினிக்கு மட்டும் இல்லையா?

இணையம் நின்றுவிட்டால் எடுத்தவுடன் சேவை நிறுவனத்தைத் திட்டத் தொடங்குகிறோம். ஒரு நிமிடம்! அதே வைஃபையில் உள்ள கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் வந்தால் குறை உங்கள் கணினியில். அதிலும் வரவில்லையென்றால் குறை ரௌட்டரிலோ வெளியிலோ. ரௌட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். வெளியிலிருந்து வரும் கேபிளுக்குரிய விளக்கு சிவப்பாக எரிந்தால் அப்போது தாராளமாக அவர்களை அழைக்கலாம். அரை நிமிடச் சோதனையில் பாதி உலகத்தை விலக்கிவிட்டோம்.

ரௌட்டரிலிருந்து தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் வேகம் குறைகிறது என்றால் அலைவரிசையை மாற்றிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, ஆனால் சுவரைத் துளைத்துச் செல்லும் ஆற்றல் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, தொலைவு செல்லும்.

இன்னொரு விசித்திரமான கோளாறு உண்டு. இணையம் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கை வருகிறது. வைரஸ் என்று அஞ்சுவோர் பலர். திரையின் வலப்புற மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும்! ஒவ்வோர் இணையத்தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் பிழைபட்டால் செல்லத்தக்க சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். மதர்போர்டில் உள்ள சிறிய நாணயம் போன்ற பாட்டரி தீர்ந்துபோனதே காரணம். மேசைக் கணினிகளில் அதன் எண் பெரும்பாலும் 2032. மிகக் குறைந்த விலையில் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

அச்சிடாத அச்சுப்பொறி

ஓர் ஆணை தொண்டையில் சிக்கிய முள்ளைப் போல் நின்றுவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கடிதங்களும் வரிசையில் நிற்கும். பிரிண்டரை அணைத்துப் போடுவதால் மட்டும் பயனில்லை, ஏனெனில் வரிசை இருப்பது கணினியில். விண்டோஸின் ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறையினுள் சிஸ்டம் 32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையில் தேங்கியிருப்பதை அழித்துவிட்டு, ஸ்பூலரை மீண்டும் தொடங்குங்கள். அந்தக் கோப்புறையை அன்றி அதனுள் இருப்பவற்றை மட்டுமே அழிக்கவேண்டும். வைஃபையில் இணைந்த பிரிண்டர் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், ரௌட்டர் அதற்கு ஒவ்வொரு முறையும் வேறு முகவரி எண்ணை வழங்குகிறது என்று ஐயுறலாம். அதற்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்கித் தருமாறு ரௌட்டர் அமைத்தவரிடம் கூறினால் போதும்.

தமிழ் போய் ஆங்கிலக் குப்பை வந்தது ஏன்?

நம் வாசகர்களை வேறு எவரையும் விட அதிகமாக வாட்டும் சிக்கல் இதுவாகத்தான் இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த ஜமாஅத் தீர்மானங்களைப் புதிய கணினியில் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகப் பக்கம் நிறைந்திருக்கிறது. “ஃபைல் கெட்டுவிட்டது” என்று கூறி அழித்தவர்களும் உண்டு. ஐயோ, அது கெடவே இல்லை!

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தின் மேல் அமைந்தவை. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் தட்டியது ஆங்கில எழுத்தே. அந்த எழுத்தின் உருவத்துக்குப் பதிலாக ஒரு தமிழ் உருவத்தை அந்த எழுத்துரு காட்டியது. எழுத்துருவை எடுத்துவிட்டால் வேடம் கலைந்து ஆங்கிலம் வெளிப்படுகிறது. வானவில் போன்ற வேறு எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனி அட்டவணை வைத்திருந்தன. ஆகவே ஓர் அலுவலகத்தின் தமிழ் மற்றோர் அலுவலகத்தில் புரியாமல் போயிற்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொதுத் தரங்களை வகுத்தது. பின்னர் 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் ‘அ’ என்றால் எந்நாட்டுக் கணினியிலும் ‘அ’தான், எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

ஆகவே பழைய கோப்பு கிடைத்தால் முதலில் அதன் நகலை எடுத்து, அதே எழுத்துருவை நிறுவிப் பாருங்கள். தமிழ் திரும்பிவிடும். பிறகு எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இவை இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் பெயர்களையும் தொகைகளையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கவேண்டும். ஒற்றெழுத்துக்களும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் சிதைவதுண்டு. நிகாஹ் பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழை பின்னர் பாஸ்போர்ட் அலுவலகம்வரை அலைக்கழிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் உருதுவில் பழைய ‘இன்பேஜ்’ மென்பொருளில் தட்டச்சு செய்து வைத்திருப்போருக்கும் இதே அறிவுரை பொருந்தும்.

திருமண அழைப்பிதழிலும் மதரஸா அறிவிப்பிலும் அரபு வாசகம் சேரும்போது இன்னொரு தொல்லை. எழுத்துக்கள் சரியாக இருக்கும், ஆனால் முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் எண்களும் இடம் மாறிக் குதிக்கும். வரியின் திசை இடமிருந்து வலமாகவே இருப்பதுதான் காரணம். விண்டோஸில் அரபு விசைப்பலகையைச் சேர்த்தால் வேர்டு மென்பொருளில் வலமிருந்து இடம் செல்லும் பத்திக்கென ஒரு பொத்தான் தோன்றும். அரபு வாசகத்தைத் தமிழோடு ஒரே வரியில் கலக்காமல் தனிப் பத்தியாக்கி அந்தப் பொத்தானை அழுத்துங்கள். அச்சகத்துக்கு வேர்டு கோப்பாக அனுப்பாமல் பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பினால் அங்குள்ள கணினியில் அது உருமாறாது. திருமறை வசனம் ஒன்று எழுத்து சிதைந்து ஆயிரம் அழைப்பிதழ்களில் அச்சாகிவிட்டால் அந்தத் தாள்களை என்ன செய்வது என்று குடும்பமே தவிக்கும். ஆகவே அச்சுப்படியை அரபு அறிந்த ஒருவரிடம் காட்டாமல் இசைவு தர வேண்டாம்.

கைப்பேசி

கைப்பேசிக்கு வரும் முதல் நோய் இடமின்மை. வாட்ஸ்அப்பில் வந்து குவியும் காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் நிறைத்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதிக்குச் சென்றால் எந்தக் குழுவிலிருந்து எவ்வளவு வந்துள்ளது என்பதைப் பெரியது முதல் சிறியதுவரை வரிசையாகக் காட்டும். அங்கிருந்து நீக்குவதே எளிது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப்பின் நகல் 2024 முதல் கூகுள் கணக்கின் 15 ஜி.பி. இலவச இடத்திலேயே கணக்கிடப்படுகிறது. அது நிரம்பினால் ஜிமெயிலுக்கு வரும் அலுவலகக் கடிதங்களும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். “மெயில் அனுப்பினேனே, கிடைக்கவில்லையா?” என்று வாடிக்கையாளர் கேட்டால் முதலில் இதனைப் பாருங்கள்.

சார்ஜ் ஏறவில்லையா? வேறு கம்பி, பிறகு வேறு சார்ஜர், பிறகு வேறு பிளக் என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் சட்டைப்பைப் பஞ்சு துளையில் அடைத்திருக்கக்கூடும். கைப்பேசியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம். ஊசி கூடாது. பின்புற மூடி சற்றே எழும்பியிருக்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது என்றால் பாட்டரி உப்பிவிட்டது. அதனை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. தீப்பற்றும் ஆபத்து உண்டு.

தண்ணீரில் விழுந்த கைப்பேசியை அரிசிப் பானையில் புதைப்பது வீடுதோறும் வழக்கமாகிவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2024இல் அவ்வாறு செய்ய வேண்டாம் என்று தன் அறிவுரைக் குறிப்பிலேயே எழுதியது; அரிசித் துகள்கள் உள்ளே சென்று மேலும் கேடு விளைவிக்கும் என்பது காரணம். சார்ஜர் துளை கீழ்நோக்கி இருக்கப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி நீரை வெளியேற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முழுதும் உலர ஒரு நாள் ஆகலாம். ஹேர் டிரையர் வேண்டாம். ஈரம் போகுமுன் சார்ஜரைச் செருகுவதுதான் அதனைக் கொல்கிறது.

சகோதரிகளும் குடும்பத் தலைவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று. திரை உடைந்த கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது “லாக் நம்பர் சொல்லுங்க” என்பார்கள். வீட்டுப் பெண்களின் படங்களும் வங்கிச் செயலிகளும் அலுவலகக் கடிதங்களும் உள்ள பெட்டியின் திறவுகோலை முன்பின் அறியாதவரிடம் கொடுக்கிறோம். திரை மாற்றுவதற்கு அந்த எண் பெரும்பாலும் தேவையே இல்லை. சோதித்துப் பார்க்கவேண்டும் என்றால் நீங்கள் நேரில் இருந்து திறந்து காட்டலாம். சாம்சங் கைப்பேசிகள் பலவற்றில் 2022 முதல் ‘மெயின்டனன்ஸ் மோட்’ என்றொரு வசதி வந்துள்ளது. அமைப்புகளில் சென்று அதனை இயக்கினால் உங்கள் படங்களும் செய்திகளும் மறைந்து, வெறுங்கைப்பேசி போலத் தோன்றும். திரும்பப் பெற்றபின் உங்கள் எண்ணைக் கொடுத்தால் எல்லாம் முன்போல் வரும். கூகுளின் பிக்சலில் இது ‘ரிப்பேர் மோட்’ எனப்படுகிறது. கடைக்காரர் நேர்மையானவரே, ஆனாலும் இவ்வசதியைப் பயன்படுத்துவதில் அவருக்கு இழிவொன்றுமில்லை.

வாட்ஸ்அப்பை அலுவலகக் கணினியில் இணைத்து வைத்திருப்போர் ‘இணைந்த சாதனங்கள்’ என்ற பட்டியலை அவ்வப்போது பாருங்கள். முன்பு வேலை பார்த்த இடத்துக் கணினி அதில் இன்னும் இருந்தால், அங்கே அமர்ந்திருப்பவர் உங்கள் குடும்பச் செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஒரு தட்டலில் நீக்கிவிடலாம்.

இல்லாத நோய்க்கு மருந்து

திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, “உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்” என்று அலறும். அது இணையப் பக்கத்தில் வரைந்த படம். நோயும் இல்லை, மருத்துவரும் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரௌசரை மூடிவிட்டால் அலறல் நின்றுவிடும். அந்த எண்ணை அழைத்தால், உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்று கைப்பேசியில் அதே செயலியை நிறுவச் சொல்வோரும் உண்டு. நிறுவிவிட்டால் நீங்கள் பார்ப்பதையெல்லாம் அவர்களும் பார்ப்பார்கள், ஓ.டி.பி. உட்பட. அவ்வாறு நிறுவியிருந்தால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணில் உடனே முறையிடுங்கள். பணம் கைமாறிச் செல்லுமுன் தடுத்து நிறுத்துவதற்கென்றே அமைந்த எண் அது; மணிக்கணக்கில் தாமதித்தால் வாய்ப்பு குறையும்.

கைப்பேசியே தொலைந்துபோனால், முதலில் சிம்மை முடக்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் தொடங்கப்பட்ட அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பதிவு செய்தால் அந்தக் கைப்பேசி எந்த சிம்மிலும் இயங்காதவாறு இந்தியா முழுவதும் தடை செய்யப்படும். அதற்கு 15 இலக்கமுள்ள ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். கையில் இருக்கும்போதே *#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் தோன்றும். இரண்டு சிம் கைப்பேசியானால் இரண்டு எண்கள் வரும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருடையதையும், அலுவலகக் கைப்பேசியினுடையதையும் குறித்து, முன்பு கூறிய மீட்புச் சாவித் தாளோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.